ஊசிக்காரர் வண்டிக்கு நான் ஊற்றிய எண்ணெய்

என் வீட்டுக்காரர் ராஜசேகர் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் ஊர் வட்டவடை முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. யானைக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. நடுரோட்டில் யானை நின்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அது போகிறவரை பேசாமல் நிற்பார். அவருடைய பயமெல்லாம் வேறு ரகம். பூட்டிய கதவைப் பூட்டினோமா, அணைத்த அடுப்பை அணைத்தோமா, மாட்டுக்குப் போட்ட ஊசியைச் சரியான நேரத்தில் போட்டோமா. எல்லாவற்றுக்கும் மேலே, வண்டி எஞ்சினில் ஆயில் இருக்கிறதா, இருக்கிற ஆயில் நல்ல ஆயில்தானா. இந்த ஆயில் கவலையோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வேலை, பசுமாட்டுக்குச் சினை ஊசி போடுவது. மிருகாஸ்பத்திரியின் சப் சென்டரில் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஊசிக்காரர்தான். ராஜசேகர் என்று கேட்டால் ரேஷன் கடையில்கூட யார் என்று முழிப்பார்கள். பசு சினைக்குக் கத்த ஆரம்பித்தால் அவருக்குப் போன் வரும். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட வேண்டும், சாயங்காலம் கத்தினால் மறுநாள் விடிந்ததும். அந்த நேரத்தை விட்டால் இருபத்தோரு நாள் காத்திருக்க வேண்டும். காளையின் விந்தை மெல்லிய ஸ்ட்ராவில் அடைத்து, திறந்தால் புகை கக்குகிற நைட்ரஜன் கேனுக்குள் வைத்திருப்பார். அந்தக் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு பைக்கில்தான் குடி என்கிற மலைக் குக்கிராமம் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார். பைக் நின்றால் அவர் வேலையும் நின்றது.

அதனால்தான் அந்தக் கவலை என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. விடிந்ததும் பல் விளக்குகிறாரோ இல்லையோ, எஞ்சின் மூடியைத் திருகி எடுப்பார். மூடியோடு வருகிற குச்சியைப் பழைய பனியன் துணியில் துடைப்பார், மறுபடி உள்ளே விடுவார், எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு மோந்தும் பார்ப்பார்! "குழம்பு எப்படி இருக்குன்னு என்னைக்காச்சும் இப்படி ருசி பாத்திருக்கீகளா?" என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். காதிலேயே விழாத மாதிரி இருப்பார்.

ஆயில் மாற்றுகிற நாள் வந்தால் இன்னும் கூத்து. எங்கள் ஊர் ஜீப்பு ஊர். காரட், முட்டைக்கோஸ், பூண்டு எல்லாம் ஜீப்பில்தான் மூணாறுக்கு இறங்கும். வீட்டுக்கு ஒரு டிரைவர், இல்லாவிட்டால் டிரைவருக்கு மச்சான். ஆகவே பெரிய கேனில் வாங்கி வைத்திருக்கிற ஜீப் ஆயில்தான் ஊரிலுள்ள அத்தனை பைக்குக்கும். ஒரு சொம்பு மொண்டு ஊற்றுவார்கள், வண்டி ஓடும். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இவர் மட்டும் மூணாறில் சுவக்கீன் என்கிற மெக்கானிக்கின் கடைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் போய், பைக்குக்கென்றே வருகிற டப்பாவை வாங்குவார். அதையும் சும்மா வாங்க மாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பித் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் எம்.ஏ. என்று இரண்டு எழுத்து இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால்தான் பையில் வைப்பார்.

ஏன் இந்தப் பாடு என்று ஒரு தடவை கேட்டேன். பதவிசாகத்தான் சொன்னார். "ஜீப்புல கிளட்சு தனி வீட்டுல இருக்கு கற்பகம். பைக்குல அது ஆயிலுக்குள்ளேயே குடியிருக்கு. எஞ்சினுக்கு வழவழன்னு இருக்கணும், ஆனா கிளட்சுக்கு வழுக்கப்படாது. அந்த ரெண்டு எழுத்து இருந்தா ரெண்டுக்கும் ஒத்துவரும்னு அர்த்தம்."

"அப்ப ஊர்ல இருக்குற பைக்கெல்லாம் ஜீப் ஆயில்ல எப்படி ஓடுது?"

"அவுக ஊத்துறது பழைய ரகம். தப்பிச்சுக்கிருது. எல்லா நேரமும் தப்பிக்குமான்னு யாரு சொல்ல முடியும்?"

இதுதான் அவர். தப்பித்துக்கொண்டிருக்கிற விஷயத்திலும் தப்பிக்காத ஒரு நாளைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

போன ஆடி மழையில் மூணாறு போகிற ரோட்டில் மண் சரிந்தது. ஜேசிபி வந்து தள்ள நான்கைந்து நாள் ஆகும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரு வாரமாக விடாத மழையில் கடைக்குப் போக முடியாமல், அவர் வண்டிக்கு ஆயில் மாற்றுகிற கெடுவும் தாண்டிவிட்டது. குச்சியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கறுப்பாக ஒரு பொட்டு, அவ்வளவுதான் ஆயில். சொல்லவும் வேண்டுமா? மனுஷன் சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் குடிகளுக்கு நடந்தே போய் ஊசி போட்டுவிட்டு வந்தார். வண்டியைத் தொடவே மாட்டேன் என்றார்.

பக்கத்துக் குடி என்றால் நடக்கலாம். ராமுத்தாயம்மா வீட்டுக்கு நடக்க முடியுமா? அதுதான் என் கவலை.

ராமுத்தாயம்மா மேலே கல்லடிமேட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் ஏற்றம். புருஷன் இல்லை. மகன் சங்கையா பிக்கப் ஓட்டுகிறான். அவருக்கு என்று இருப்பது ஒரே ஒரு பசு, பவுனு என்று பெயர். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. நல்ல கறவை, ஆனால் நாலு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. ஒன்றரை வருஷமாகப் பால் இல்லை, தின்கிற தீனிக்குக் குறைச்சல் இல்லை. முழங்கால் வலியோடு அந்த அம்மா புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு ஏறுவதைப் பார்த்துப் பார்த்து மகனுக்கும் பொறுக்கவில்லை. "இன்னும் ஒரு வாட்டி பாக்குறேன். நிக்கலைன்னா வண்டியில ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டான். ஏற்றினால் அடிமாட்டுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா நாள் எண்ணிக்கொண்டே இருந்தார். மண் சரிந்த அன்றைக்குக்கூடப் போன் பண்ணி, "தம்பி, இந்த வாரத்துக்குள்ள கத்தும். அங்கிட்டு இங்கிட்டு போயிராதீக" என்றார். இவர் போனை வைத்துவிட்டு வண்டியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் ஜீப் டிரைவர் ஜின்சன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். மலையாளி, நல்ல மாதிரி. கையில் ஒரு டப்பா. ஒரு ரிசார்ட்டில் புதுக் காருக்கு ஆயில் மாற்றி மிச்சம் இருந்ததாம். "சேச்சி, இது ஜீப் ஓயில் ஒண்ணும் அல்ல. ஒண்ணாந்தரம் சாதனம். ஜீப் ஓயிலைவிட மூணு மடங்கு விலை. சாரோட வண்டிக்கு ஊத்திக்கோ" என்றார். தேன் மாதிரி தெளிவாக இருந்தது அந்த ஆயில். நான் தேங்காய் எண்ணெயையே அவ்வளவு சுத்தமாகப் பார்த்தது இல்லை.

வீட்டுக்காரர் வந்ததும் காட்டினேன். கண்ணாடியைத் தேடினார். எனக்கு அங்கேயே ஏறிவிட்டது.

"எம்.ஏ. போடலையே" என்றார்.

"எம்.ஏ. படிச்ச ஆயில்தான் ஒங்க வண்டிக்கு ஆகுமோ? நீங்க பத்தாவதுதானே!"

"அதுக்கில்ல கற்பகம். இது காருக்கு உள்ளது. ரோடு தெறக்கட்டும். நாலு நாள்தானே."

"நாலு நாளு பவுனு கத்தாம வாயக் கட்டிக்கிட்டு நிக்குமா? ஊரே ஜீப் ஆயிலை ஊத்திக்கிட்டு ஜம்முனு போகுது. அதவிட ஒசத்தியான ஆயில் கையில இருக்கு. பயந்து பயந்தே செத்துப் போவீக!"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கீழ்க்குடியில் ஒரு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மௌனம்தான் எனக்கு ஆகாது. கத்தினால் நானும் கத்தி முடித்துவிட்டுச் சோறு பொங்கப் போயிருப்பேன். பேசாமல் போனதில் கோபம் கண்ணை மறைத்தது. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற வேலைதானே, எனக்குத் தெரியாதா? எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினேன். அடியிலே சட்டியை வைத்து நட்டைக் கழற்றினேன். கறுப்பாகக் கொஞ்சம்போல வடிந்தது. வடியட்டும் என்று கால் மணி நேரம் விட்டேன். நட்டை முடுக்கி, ஜின்சன் கொடுத்ததை முழுக்க ஊற்றி, மேல்கோடு வரைக்கும் நிற்கிறதா என்று குச்சியிலும் பார்த்தேன். பனியன் துணியில் கையைத் துடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு ஊசிக்காரரின் நாலு நாள் கவலையை அரை மணி நேரத்தில் தீர்த்துவிட்டேன் அல்லவா!

திரும்பி வந்தவர் சட்டியில் கிடந்த கறுப்பு ஆயிலைப் பார்த்தார். திட்டுவார் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். டப்பாவை எடுத்தார், வாசல் வெளிச்சத்தில் கால் மணி நேரம் படித்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். அந்தப் பழைய ஆயில் மறுபடி ஊற்றுகிற மாதிரி இல்லை, புதுசு வாங்க ரோடு இல்லை. வேறு என்ன சொல்லுவார்?

அடுத்த இரண்டு நாள் வண்டி பூ மாதிரி ஓடியது. சமதளத்துக் குடிகளுக்குத்தான் போனார். எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. "பாத்தீகளா?" என்று நான் போகும்போதும் வரும்போதும் சொல்லிக் காட்டினேன். அவரும் லேசாகச் சிரித்தார். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ராமுத்தாயம்மாவின் போன் வந்தது. முந்தின நாள் அந்த அம்மா தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். மாடு காலையிலிருந்தே கத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கிறது, சொல்ல ஆள் இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தவர் போன் பண்ண, மழையில் சிக்னல் இல்லை. விடிந்ததும் சிக்னல் எட்டுகிற வளைவு வரைக்கும் நடந்து வந்து இப்போதுதான் கிடைத்ததாம். "தம்பி, நேரம் போயிருச்சா? சொல்லுங்க தம்பி, போயிருச்சா?"

"இல்லம்மா, இந்தா கெளம்பிட்டேன்" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம், "பத்து மணிக்குள்ள போட்டாத்தான் உண்டு. அதுக்கு மேல போட்டாலும் ஒண்ணு, போடாட்டாலும் ஒண்ணு" என்றார்.

முக்கால் மணி நேரத்து வழிதானே. ஆனால் கேனைக் கட்டுகிற கேரியர் கம்பி முந்தின நாள் குழி ரோட்டில் விட்டுப்போயிருந்தது. கேன் சாயக் கூடாது. நான் பின்னால் உட்கார்ந்து மடியில் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். எட்டே காலுக்குக் கிளம்பிவிட்டோம்.

ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏற்றம் ஆரம்பித்தது. முதல் வளைவு ஏறியது. இரண்டாம் வளைவில் எஞ்சின் உய்யென்று கத்தியது, வண்டி மட்டும் நகர்வேனா என்றது. அவர் கியரைக் குறைத்தார். இன்னும் கத்தியது. நடக்கிறவன் எங்களை முந்திப் போகலாம், அந்த வேகம். "என்னங்க, ஆக்சிலேட்டரைக் குடுங்க" என்றேன். "குடுத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார். மூன்றாம் வளைவில் நின்றேவிட்டது.

"நான் எறங்கிக்கிறேன். நான் எழுவது கிலோ இருக்கேன்ல, அதான்" என்றேன். அவர் கேனை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு தனியாக ஏற்றிப் பார்த்தார். இருபது அடி ஏறியது. கருகல் வாடை வந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கிளட்ச் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"ஆயிலாலயா?" என்றேன்.

"கிளட்சு வழுக்குது" என்றார். ஆயில் என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லவில்லை.

ஜின்சனுக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஊரிலுள்ள அத்தனை ஜீப்பும் மண் சரிந்த இடத்தில் நின்றன. இந்தப் பக்கத்து ஜீப்பிலிருந்து மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கத்து லாரியில் ஏற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ரோட்டில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. அப்போது மணி ஒன்பது அடிக்கப் பத்து நிமிஷம். மேலே ஒன்பது கிலோமீட்டர்.

அவர் வண்டியை ஓரமாகப் பூட்டினார். கேனைத் தோளில் தூக்கினார். ஊசிக் குழலும் கையுறையும் இருக்கிற பையை நான் எடுத்துக்கொண்டேன். நடந்தோம்.

அந்த நடையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். மழை தூறிக்கொண்டே இருந்தது. பனிமூட்டத்தில் நாலு அடிக்கு முன்னால் அவர் முதுகுதான் தெரிந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் போனில் மணி பார்த்தேன். ஒன்பது இருபது. ஒன்பது முப்பத்தைந்து. மூச்சு வாங்கிற்று, ஆனாலும் மணி பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. வழக்கமாக மணி பார்த்துப் பதறுவது அவர்தான். அன்றைக்கு அவர் ஒரு தடவைகூட மணி கேட்கவில்லை. தோள் மாற்றுவதற்கு மட்டும் நின்றார்.

பத்து மணி ஆனபோது நாங்கள் பாதிகூட ஏறவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு வார்த்தை திட்டுங்களேன்! நான்தானே ஊத்துனேன். செவுட்டுல ஒண்ணு வைங்களேன்!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"நடக்குறதுக்கு மூச்சு வேணும், வா" என்றார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. ராமுத்தாயம்மா வேலிக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்து, "வண்டி எங்க தம்பி?" என்றார். வண்டி நின்றுவிட்டது என்றார் இவர். அந்த அம்மா சுடுதண்ணீர் எடுக்க ஓடினார். பவுனு கொட்டிலில் சத்தமில்லாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. கத்திக்கொண்டிருக்க வேண்டிய மாடு கத்தவில்லை. கத்தல் ஓய்ந்தால் நேரம் தாண்டிவிட்டது என்றுதான் அர்த்தம். இருந்தாலும் இவர் ஸ்ட்ராவை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எண்ணி, துடைத்து, குழலில் ஏற்றி, மாட்டின் வாலடியில் கையை வைத்து "ஒண்ணுமில்லடி பவுனு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

"புடிக்குமா தம்பி?" என்றார் ராமுத்தாயம்மா.

"தாமசமாயிருச்சும்மா. போட்டிருக்கேன்."

"புடிக்கும். இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கீகளே. கண்டிப்பா புடிக்கும்" என்று எங்களுக்குக் கடுங்காப்பி கொடுத்தார். ஆயிலைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை. ஊர் வாயெல்லாம் அடைக்கிற எனக்கு அன்றைக்கு வாய் இல்லாமல் போய்விட்டது.

ரோடு திறந்ததும் வண்டியை ஒரு ஜீப்பில் ஏற்றி மூணாறுக்குக் கொண்டுபோனோம். கேனில் நைட்ரஜன் நிரப்ப வேண்டியிருந்ததால் நானும் போனேன். சுவக்கீன் ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தார். கிளட்ச் பிளேட்டைக் கழற்றி எடுத்தபோது அது நீலம் பாய்ந்து கருகியிருந்தது.

"அண்ணே, இது புதுக் காருக்கு ஊத்துற ஆயிலுல்லா. இதுல வழுக்குறதுக்குன்னே மருந்து சேத்திருப்பான். ஜீப் ஆயிலைக்கூட ஊத்தியிருக்கலாம், பாதகமில்ல. இத யாருண்ணே ஊத்துனது?"

"நான்தான். அவசரத்துல பாக்கல" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்களா?" சுவக்கீனுக்கு நம்பிக்கையே வரவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கடையில் டப்பா டப்பாவாகத் திருப்பிப் பார்க்கிற ஆள் அல்லவா. நான் கேன் மூடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். புதுப் பிளேட் போட்டு, நல்ல ஆயிலை ஒரு தடவை ஊற்றி ஓடவிட்டு வடித்து, இரண்டாம் தடவை ஊற்றினார்கள். டப்பாவின் பின்பக்கத்தில் அந்த இரண்டு எழுத்தை நானே தேடிப் பார்த்தேன்.

ஊசி போட்டதிலிருந்து இருபது நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே! காலண்டரில் நாளைக் கிழிப்பதற்குக் கை வராது. இருபத்தோரு நாள் தாண்டி மாடு கத்தவில்லை என்றால் சினை நின்றுவிட்டது என்று பாதிக்கு மேல் நம்பலாம். கத்தினால் முடிந்தது. அவர் போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து ஓடி வந்து நின்றேன். கல்லடிமேட்டுப் பக்கமிருந்து யார் வந்தாலும், "ராமுத்தாயம்மா மாடு கத்துச்சா?" என்று கேட்டேன். "ஒனக்கு என்ன ஆச்சு கற்பகம்?" என்று ஜனங்கள் சிரித்தார்கள். ஆயில் குச்சியைக் காலையில் அவர் பார்த்து முடித்த பிறகு, அவருக்குத் தெரியாமல் நானும் ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் தாங்கமாட்டாமல், "நிக்கும்லங்க? சொல்லுங்க, நிக்கும்ல?" என்று கேட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற அந்த மனுஷன், "நாள் வரட்டும்" என்று என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருபதாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அவர் எடுத்தார். "எப்பருந்தும்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"விடியக் கருக்கல்லருந்து கத்துதாம். நேத்து அந்தி வரைக்கும் ஒண்ணுமில்லையாம்" என்று செருப்பைத் தேடினார். "போயிருவோம். சாயங்காலம் வரைக்கும் நேரம் கெடக்கு. இப்பயே போய் உக்காந்துக்குவோம். சங்கையாகிட்ட இன்னும் ஒரு வாட்டி கேட்டுப் பாக்கணும்."

வண்டி ஏறிய ஏற்றத்தை என்னென்று சொல்ல! நானும் கேனும் பின்னால் இருக்க, அந்த மூன்றாம் வளைவில் ஒரு திணறல்கூட இல்லாமல் ஏறியது. முப்பத்தெட்டு நிமிஷத்தில் கல்லடிமேட்டில் நின்றோம். எனக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது. மாடு கத்துகிறது, மருந்து கையில் இருக்கிறது, மனுஷன் வந்துவிட்டார். இதைவிட நல்ல நேரம் எந்த மாட்டுக்கு அமையும்?

வேலிக்கு வெளியே சங்கையாவின் பிக்கப் நின்றது. பின்கதவைத் திறந்து பலகை சாத்தியிருந்தது. பக்கத்தில் துண்டு போட்ட ஒரு மாட்டு யாவாரி.

"சங்கையா, தம்பி, நேரம் சரியா இருக்குப்பா. சாயங்காலம் போட்டா நிக்கும்" என்றார் இவர். இவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"போதும்ணே" என்றான் சங்கையா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "அஞ்சு வாட்டி ஆச்சு. போன வாரம் அம்மா புல்லுக்கட்டோட விழுந்துருச்சு, தெரியுமா? மாடா அம்மாவான்னா நான் என்னண்ணே செய்வேன்?"

ராமுத்தாயம்மா கொட்டிலிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். முழங்கையில் காய்ந்த சிராய்ப்பு. பவுனு கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தியது. மலை முழுக்கக் கேட்கிற கத்தல். அந்த அம்மா இவர் முன்னால் நின்று, "அன்னைக்கி வெரசா வந்திருந்தா நின்னிருக்குமா தம்பி?" என்று கேட்டார்.

வழக்கமாக அவர் எதற்கும் சொல்கிற பதில் ஒன்று உண்டு, "யாரு சொல்ல முடியும்" என்று. அதைச் சொல்லியிருக்கலாம். "நின்னிருக்கும்மா" என்றார். "எம் மேலதான் தப்பு. வண்டிக்கு ஆகாத ஆயிலை ஊத்திட்டேன்."

"இல்ல!" என்று நான் கத்தினேன். இருபது நாள் அடைத்திருந்தது அப்போதுதான் திறந்தது. "அவரு ஊத்தல. வேணாம் வேணாம்னாரு. நான்தான் அவரு இல்லாதப்ப ஊத்துனேன். நான்தாம்மா. என்னைய ரெண்டு வார்த்தை கேளுங்கம்மா."

ராமுத்தாயம்மா என்னைப் பார்த்தார். "ஊத்துனது நீயோ அவரோ, போறது எம் மாடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கயிற்றை மகன் கையில் கொடுத்தார்.

பவுனு பலகையில் ஏற மாட்டேன் என்றது. சங்கையா முன்னால் இழுத்தான், யாவாரி பின்னால் நின்று வாலை முறுக்கினான். மாடு காலை ஊன்றிக்கொண்டு கத்தியது. யாவாரி குச்சியை ஓங்கினான்.

"அடிக்காதய்யா!" என்றார் ராமுத்தாயம்மா. பிறகு என் வீட்டுக்காரரிடம் வந்தார். "அது வெளியாளு கைக்கு அடங்காது. உங்க கைக்குத்தான் பேசாம நிக்கும். நீங்களே ஏத்தி விட்டுருங்க தம்பி."

அவர் கேனைக் கீழே வைத்தார். போய் மாட்டின் வாலடியில் கையை வைத்து, "ஒண்ணுமில்லடி பவுனு, ஒண்ணுமில்ல" என்றார். ஊசி போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்திருக்கும். கத்தலை நிறுத்திவிட்டு, ஒரு முரண்டும் பண்ணாமல் பலகையில் ஏறியது.